தெரிந்தே இறங்கும் ஆள்: நுவார் கதைமாந்தர்களைப் பற்றி

நுவார் என்ற இருண்ட குற்றக் கதை வகையைச் சொன்னதும் நனைந்த தெரு, சிகரெட் புகை, ஜன்னல் திரை வழியே சுவரில் விழும் வரிவரியான நிழல், உதட்டுச் சாயத்தோடு ஒரு பெண் என்று ஒரு காட்சி மனதில் ஓடிவிடுகிறது. குற்றக் கதை எழுத வருகிறவர்களில் பலர் இந்தச் சாமான்களை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். முடித்துப் பார்த்தால் வழக்கமான மர்மக் கதையே கையில் இருக்கும், கொஞ்சம் இருட்டு மட்டும் கூடுதலாக.

நுவாரின் உயிர் ஒரு முடிவில் இருக்கிறது. புத்தி உள்ள, ஓரளவு வசதியாகவே இருக்கிற ஓர் ஆள், இது தப்பு, இது தன்னை அழிக்கும் என்று தெரிந்தே ஒரு காரியத்தில் இறங்குகிறான். மயக்கும் பெண், விடாக்கண்டனான விசாரணைக்காரர், பணம் படைத்த பெரிய மனிதர், அப்பாவிப் பெண், எதையோ பார்த்துவிட்ட வழிப்போக்கர் ஆகிய எல்லோரும் அந்த முடிவைச் சுற்றி நிறுத்தப்பட்டவர்கள். ஒரு பாத்திரம் அந்த முடிவை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்ல முடியவில்லையென்றால், அந்தப் பாத்திரம் அங்கே வேலை இல்லாமல் நிற்கிறது.

இதை விளக்க 'டபுள் இண்டெம்னிட்டி'யை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய குறுநாவல். 1936இல் 'லிபர்ட்டி' பத்திரிகையில் தொடராக வந்து, 1943இல் புத்தகத்தில் சேர்ந்தது. 1944இல் பில்லி வைல்டர் படமாக்கினார். திரைக்கதையில் அவரோடு உட்கார்ந்தவர் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர். கதைக்குப் பின்னால் ஒரு நிஜ வழக்கு உண்டு. 1927இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவள் காதலன் ஜட் கிரேயும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்றார்கள். கணவன் பெயரில் இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்டிருந்தது. 1928 ஜனவரியில் இருவருக்கும் மின்நாற்காலி. கெய்ன் அப்போது அந்த ஊரில் பத்திரிகையாளர்.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சலஸில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப். வயது 35, மணமாகாதவன், தொழிலில் கெட்டிக்காரன். கார் பாலிசியைப் புதுப்பிக்கப் போன வீட்டில் ஃபிலிஸைச் சந்திக்கிறான். கணவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் விபத்துப் பாலிசி எடுக்க முடியுமா என்று அவள் கேட்கிறாள். படத்தில் பாலிசித் தொகை 50,000 டாலர். ரயில் விபத்தில் இறந்தால் இரட்டிப்பு, அதாவது ஒரு லட்சம். நம் எல்.ஐ.சி. பாலிசிகளோடு சேர்த்து எடுக்கும் இரட்டை விபத்துப் பலன் மாதிரிதான், இங்கே அந்த இரட்டிப்பு மிக அரிதான சில விபத்துகளுக்கு மட்டும்.

அவள் கேட்டதுமே நெஃபுக்குப் புரிந்துவிடுகிறது. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து போகிறான். படத்தின் மிக முக்கியமான இடம் இது, பலர் இதைக் கவனிப்பதில்லை. அவள் அவனை ஏமாற்றவில்லை. என்ன கேட்கிறாள், எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவன் சம்மதிக்கிறான். ஏன் சம்மதிக்கிறான் என்பதற்கான காரணமும் அவளிடம் மட்டும் இல்லை. ரூலட் சூதாட்ட மேசையில் வாடிக்கையாளர்கள் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு, ஒரு நாள் தானே அந்த மேசையை ஏமாற்றினால் என்ன என்று தோன்றுமே, அந்த நினைப்பு தனக்கு நெடுநாளாகவே இருந்தது என்று அவனே ஒத்துக்கொள்கிறான். பெண் ஒரு சந்தர்ப்பம். ஆசை முன்பே அங்கே இருந்தது.

இங்கிருந்துதான் முதல் வேலை தொடங்குகிறது. நாயகனுக்கு முதலில் ஒரு தொழில் வேண்டும், அந்தத் தொழிலுக்குள் ஓர் ஓட்டை வேண்டும், அந்த ஓட்டை அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெஃபுக்குத் தெரிந்தது கம்பெனி எந்தக் க்ளெய்மைச் சந்தேகிக்கும், எதைச் சந்தேகிக்காது என்பது. கையெழுத்து வாங்குவதையே பாருங்கள். கார் பாலிசி என்று நினைத்துக்கொண்டு கணவர் இரண்டாவது காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிறார். அதுதான் விபத்துப் பாலிசி. கொலை நடக்கும் இரவில் தான் வீட்டிலேயே இருந்ததாகக் காட்ட, கராஜ் ஊழியரிடம் காரைக் கழுவச் சொல்லிவிட்டு, சக ஊழியருக்கு போன் செய்துவிட்டு, டெலிஃபோன் மணியிலும் வாசல் மணியிலும் ஒரு சின்ன அட்டையைச் செருகி வைக்கிறான். தான் இல்லாதபோது மணி அடித்திருந்தால் அட்டை விழுந்திருக்கும். இந்த அட்டை ஒன்றே அவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லிவிடுகிறது. அவன் மூளைக்காரன் என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் இதில் பாதி கூட வந்திருக்காது.

திட்டம் முழுதையும் வாசகருக்கு முன்கூட்டியே விளக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. விளக்கிய திட்டம் அப்படியே நடந்தால் வாசகர் அதே விஷயத்தை இரண்டு முறை படிக்கிறார். விளக்குவதென்றால் அது கெட்டுப்போக வேண்டும், கெடாமல் நடப்பதென்றால் நடக்கும்போதே காட்ட வேண்டும். வைல்டர் இரண்டையும் கலந்தார். திட்டத்தில் ஒரு தடை முதலிலேயே வருகிறது: கணவருக்குக் கால் உடைந்துவிடுகிறது, அவர் போகவிருந்த ரயில் பயணம் தள்ளிப்போகிறது. பிறகு அந்த உடைந்த காலே உதவுகிறது. கணவர் காரிலேயே கொல்லப்பட்டபின், போலிக் கட்டோடும் ஊன்றுகோலோடும் அவரைப்போல ரயில் ஏறுகிறவன் நெஃப்தான். பின் பெட்டியின் திறந்த மேடையில் நின்றிருந்த ஒரு பயணியைச் சுருட்டுப் பெட்டி எடுத்துவரச் சொல்லி அப்புறப்படுத்திவிட்டுக் குதிக்கிறான். பிணத்தைத் தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். எல்லாம் சரியாக முடிந்தது என்று நினைக்கும்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்தச் சில நொடிகளில் பார்க்கிறவர் என்ன நினைக்கிறார்? கார் கிளம்பிவிட வேண்டுமே என்று. கொலைகாரர்கள் தப்பிக்க வேண்டும் என்று அவர் மனம் பதைக்கிறது. நுவார் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான்: நல்லவர் ஒருவரைக் குற்றத்தின் பங்காளி ஆக்குவது. இதற்கு நாயகனை நல்லவனாகக் காட்டத் தேவையில்லை. பாவம் என்று இரக்கம் வரவழைக்கவும் தேவையில்லை. அவன் வேலையைக் கவனமாகச் செய்கிறான், அந்த வேலையில் ஒரு சின்னத் தடங்கல் வருகிறது, அவ்வளவு போதும்.

கொலையை வைல்டர் காட்டவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பின் இருக்கையில் மறைந்திருக்கும் நெஃபுக்கு சமிக்ஞையாக ஃபிலிஸ் ஹாரனை அடிக்கிறாள், பக்கத்தில் கணவன் சாகிறான், கேமரா முழுக்க அவள் முகத்தில் நிற்கிறது. அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்திலும் இதே வழி உண்டு. கத்தியையும் ரத்தத்தையும் விட்டுவிட்டு, அந்தக் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்.

இனி அந்த மயக்கும் பெண்ணுக்கு வருவோம். விமர்சகர்கள் 'ஃபெம் ஃபடால்' என்று பெயர் வைத்த பாத்திரம். இவளைத்தான் அதிகம் கெடுக்கிறார்கள். அழகு, புகை, துரோகம் என்ற மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள், அவளுக்கென்று முன்கதை இருப்பதில்லை. ஃபிலிஸுக்கு இருக்கிறது: கணவரின் முதல் மனைவிக்கு அவள் நர்ஸாக இருந்தவள், அந்த மனைவி இறந்தபின் இந்த வீட்டுக்குள் வந்தவள். கதை போகப் போக இந்த ஒரு தகவலின் அர்த்தம் மாறிக்கொண்டே வருகிறது. முதலில் கேட்கும்போது பரிதாபம். லோலா, அதாவது மூத்தாள் மகள், தன் அம்மா இறந்த விதத்தைச் சொல்லும்போது அதே தகவல் நடுக்கம் தருகிறது. அப்பா சாவதற்கு இரண்டு நாள் முன்பே ஃபிலிஸ் கண்ணாடி முன் நின்று துக்கத்துக்கான கறுப்பு முகத்திரையை வைத்துப் பார்த்ததையும் சொல்பவள் லோலாதான்.

டாஷியல் ஹாமெட்டின் 'மால்டீஸ் ஃபால்கன்' (1930) நாவலில் வரும் பிரிஜிட் வேறொரு விதம். வேறு பெயரில் வருகிறாள், பொய்யான கதையோடு வருகிறாள், அந்தப் பொய் உடைந்தால் அடுத்த பொய்க்கு நகர்கிறாள். ஆனால் துப்பறிவாளன் ஸ்பேட் முதல் நாளே அவளை நம்பவில்லை. நம்பியது அவள் கொடுத்த இருநூறு டாலரைத்தான் என்று அவனே சொல்கிறான். உண்மையான காரியத்துக்கு அது அதிகமான தொகை. இதையும் நெஃபின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொதுவிதி தெரிகிறது: நல்ல நுவாரில் அவள் பொய் சொல்கிறாள் என்பது நாயகனுக்குத் தெரியும். கடைசி அத்தியாயத்தில் அவள் கெட்டவள் என்று தெரியவந்து நாயகன் அதிர்ச்சி அடைந்தால், அவன் முட்டாளாகிறான், அவள் வெறும் திருப்பமாகிறாள். ஆகவே அவள் பேசும் ஒவ்வொரு முக்கியமான வசனத்தையும் இரண்டு முறை படித்துப் பாருங்கள்: ஒரு முறை அவள் உண்மை சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு, ஒரு முறை பொய் என்று. இரண்டும் பொருந்தினால் வசனம் நிற்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்ணே அழிவு என்று எழுதுவது நுவாரின் கட்டாய விதி அல்ல. 1947இல் டோரத்தி பி. ஹியூஸ் எழுதிய 'இன் எ லோன்லி ப்ளேஸ்' நாவல் இதைத் தலைகீழாக்கியது. போரிலிருந்து திரும்பிய டிக்ஸ் ஸ்டீல் என்பவன் லாஸ் ஏஞ்சலஸில் பெண்களைக் கொல்கிறான். கதை அவன் மனதை ஒட்டியே போகிறது. அவன் கண்ணுக்கு லாரல் என்ற பெண் வழக்கமான மயக்கும் பெண்ணாகத் தெரிகிறாள். ஆனால் அவனைச் சரியாக எடைபோடுகிறவர்கள் லாரலும், போலீஸ்கார நண்பனின் மனைவி சில்வியாவும்தான். பிரமையெல்லாம் பார்க்கிறவன் மூளையில். 1950இல் வந்த படத்தில் அவனைக் கொலைகாரன் இல்லை என்று மாற்றிவிட்டார்கள். படம் நல்ல படம்தான், ஆனாலும் நாவல் தொட்ட இடம் இன்னும் ஆழம். நுவாரில் பெண் பாத்திரம் எழுத உட்காருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

விசாரணைக்காரருக்கு வரும்போது இரண்டு பரம்பரைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தனியார் துப்பறிவாளர். 'பிளாக் மாஸ்க்' என்ற குற்றக் கதைப் பத்திரிகையில் வளர்ந்தவர். ஹாமெட் முன்பு பிங்கர்ட்டன் நிறுவனத்தில் துப்பறிவாளராக வேலை பார்த்தவர், ஆகவே அவர் எழுதும் பின்தொடர்தலில் அலுப்பும் காத்திருப்பும் இருக்கும். சாண்ட்லரின் துப்பறிவாளர் மார்லோ (முதல் நாவல் 1939) அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்து பணியாமைக்காக வெளியேற்றப்பட்டவர். கட்டணம் ஒரு நாளைக்கு 25 டாலர், செலவு தனி. இந்தக் கட்டணம் வெறும் அலங்காரம் இல்லை. பெரிய மனிதர் வீட்டுக்குள் இவர் நுழையும்போது அந்தத் தொகைதான் கூடவே நுழைகிறது. விலைக்கு வாங்க எத்தனை எளிதானவர், வாங்க முடியாமல் போகிறதே என்று காட்டுவதற்கு அது தேவை. துப்பறிவாளருக்குச் சம்பளம் எழுதாத கதைகளில் அவருடைய நேர்மைக்கும் எடை இருப்பதில்லை.

இன்னொன்று 'டபுள் இண்டெம்னிட்டி'யின் கீஸ். நெஃப் வேலை பார்க்கும் கம்பெனியின் க்ளெய்ம் மேனேஜர். எனக்கு மிகவும் பிடித்த நுவார் பாத்திரம் இவர்தான். போலீஸும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, கையில் புள்ளிவிவரப் புத்தகங்கள். கம்பெனி முதலாளி இது தற்கொலைதான் என்று வாதிடும்போது, தற்கொலைகளின் வகைகளை நீளமாக அடுக்கிவிட்டு, மணிக்கு 15 மைல் வேகத்தில் போகும் ரயிலின் பின்பக்கத்திலிருந்து குதித்துச் செத்தவர் என்று ஒருவர்கூட அந்த ஏடுகளில் இல்லை என்கிறார். நெஃபுக்கு அப்போது நிம்மதி. ஆனால் அதே மூளை ஓரிரவில் வேறு கேள்வி கேட்கிறது: விபத்துப் பாலிசி வைத்திருந்தவர் கால் உடைந்தபோது ஏன் க்ளெய்ம் போடவில்லை? தன்னிடம் பாலிசி இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படியென்றால்?

துப்பு என்பது கிடைத்த பொருளாக இருக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதும் துப்புதான், நுவாருக்கு அதுவே ஏற்றது. குற்றவாளி கவனமாகத் துடைத்துவிடக் கூடியவை கைரேகைகள். செய்யாமல் விட்டதைத் துடைக்க முடியாது. திட்டம் போடும்போதே இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த மனிதன் சாதாரணமாக என்ன செய்திருப்பான், கொலையின் காரணமாக அதில் எது நடக்கவில்லை?

கீஸை இன்னும் பெரிய பாத்திரமாக்குவது அவருக்கும் நெஃபுக்கும் உள்ள பாசம். நெஃபைத் தன் உதவியாளராக வரச் சொல்கிறார்; சம்பளம் 50 டாலர் குறையும், ஆனால் வேலை மதிப்புள்ளது என்கிறார். படம் நெடுக, சுருட்டுக்குத் தீக்குச்சி இல்லாமல் தடவும் கீஸுக்கு நெஃப்தான் பற்றவைக்கிறான். யாரிடம் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும், யார் முன்னால் அசிங்கப்படுவோம் என்ற பயமும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. விசாரணை செய்பவர் குற்றவாளிக்கு அந்நியராக இருந்தால் கதையில் வேகம் மட்டும் இருக்கும். நெருக்கமானவராக இருந்தால் வலியும் வரும்.

பணத்தொகை விஷயத்தில் பெரும்பாலோர் கை நீண்டுவிடுகிறது. கோடிக்கணக்கு வேண்டாம். கெய்னின் 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' நாவலில் (1934) சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், அவர் மனைவி கோரா, வேலை தேடி வந்த நாடோடி ஃபிராங்க். கொலைக்குப் பின் நடுவில் வரும் இன்ஷூரன்ஸ் தொகை 10,000 டாலர். அந்தச் சின்ன உலகத்துக்கு அது போதும். தொகை, அந்த ஆளின் வாழ்க்கையை மாற்றும் அளவுக்குப் பெரிதாகவும் ஓர் உயிருக்கு ஈடாக வைக்கும்போது கேவலமாகத் தெரியும் அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும்.

அதே நாவல் விதி என்னும் கருவைக் கையாளும் விதம் பாடமாகவே வைக்கத் தக்கது. முதல் கொலை முயற்சியின்போது ஒரு பூனை ஏணி வழியாக ஏறி மின் இணைப்பைத் தொட்டுவிடுகிறது, விளக்கெல்லாம் அணைகிறது, முயற்சி பாழ். இரண்டாம் முறை கொன்றுவிட்டு, வக்கீலின் சாமர்த்தியத்தால் தப்பிக்கிறார்கள். பிறகு கோரா உண்மையான கார் விபத்தில் சாகிறாள், அதைக் கொலை என்று நம்பி ஃபிராங்குக்கு மரண தண்டனை. செய்த கொலைக்குத் தப்பி, செய்யாத கொலைக்கு மாட்டுகிறான். தற்செயல் இங்கே நாயகனுக்கு எதிராகவே வருகிறது. எழுத்தாளருக்கு வசதியாக, சிக்கலை அவிழ்க்க வரும் தற்செயல் வாசகரின் நம்பிக்கையைக் கெடுக்கும். சிக்கலை இறுக்க வருவதை அவர் வாழ்க்கை என்று ஏற்றுக்கொள்வார்.

முடிவெடுக்கும் பொறுப்பை நாயகனிடமிருந்து பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு பட்ரீஷியா ஹைஸ்மித்தின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' சாட்சி. 1950இன் நாவலில் ரயிலில் சந்தித்த புரூனோ, கைய் என்பவனின் மனைவியைக் கொன்றுவிட்டு, பதிலுக்குத் தன் அப்பாவைக் கொல்லச் சொல்லி விரட்டுகிறான். கடைசியில் கைய் கொன்றேவிடுகிறான். அடுத்த ஆண்டு ஹிட்ச்காக் எடுத்த படத்தில் அவன் கொல்வதில்லை. படம் அருமையான த்ரில்லர். நாவல் நுவார்.

தமிழில் இந்த வரிசைக்கு உண்மையாகவே நெருங்கி வந்தது 1954இன் 'அந்த நாள்'. எஸ். பாலசந்தர் இயக்கம், ஏ.வி.எம். தயாரிப்பு, பாட்டே இல்லை. 1943இன் சென்னை. பலரின் வாக்குமூலங்களாக விரியும் அமைப்பையும் நிழல்களையும்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ராஜன் என்ற பாத்திரம்: படித்தவன், திறமைசாலி, தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில், தெரிந்தே எதிரிக்கு உளவு சொல்ல இறங்குகிறான். சிவாஜி மாதிரி ஒரு நாயக நடிகரை அந்த இடத்தில் வைத்த துணிச்சலுக்கு இன்றும் ஈடு சொல்வது கஷ்டம்.

வாக்குமூலம் என்றதும் கதைசொல்லும் குரல் பற்றியும் சொல்ல வேண்டும். 'நான்' என்று தொடங்கினால் நுவார் ஆகிவிடாது. யாரிடம் சொல்கிறான், எங்கே இருந்து, எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்ற மூன்றும் முதல் வாக்கியத்துக்கு முன்பே தீர்மானமாக வேண்டும். நெஃப் குண்டடிபட்ட உடம்போடு, இரவில் ஆளில்லாத அலுவலகத்தில், டிக்டஃபோன் என்ற குரல்பதிவு இயந்திரத்தில், கீஸுக்காகப் பேசுகிறான். ஃபிராங்க் தூக்குக்குக் காத்திருக்கும் சிறையில் எழுதுகிறான். கொன்றது நான்தான் என்று நெஃப் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால் 'யார்' என்ற கேள்வி கதையிலிருந்து போய்விடுகிறது, 'எப்படி இவன்?' என்பது மட்டும் நிற்கிறது. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிப்படி குற்றவாளி தண்டனை அடைந்தே ஆக வேண்டும் என்பதும் இதற்குத் துணை செய்தது. முடிவு எப்படியும் தெரியும், ஆகவே அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிடலாம்.

ஒளியமைப்பை நான் கடைசிக்குத் தள்ளியதில் காரணம் உண்டு, அது இந்த எல்லாவற்றுக்கும் பிறகு வருவது. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் ஃபிலிஸின் வீட்டில் காற்றில் உலோகத் துகள்களைத் தூவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதப்பதாகக் காட்டினார். வெளியே கலிஃபோர்னியாவின் பளீர் வெயில், உள்ளே பெருக்காத வீடு. சதிகாரர்கள் இருவரும் சந்திப்பது இருட்டுச் சந்தில் இல்லை, பட்டப்பகலில் ஒரு மளிகைக் கடையில், டின்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே. பக்கத்தில் யாரோ குழந்தை உணவு தேடிக்கொண்டிருக்கிறார்கள். பயத்தை வரவழைக்க மழை தேவையே படவில்லை.

முடிவை எங்கே நிறுத்துவது என்பதில் இந்தக் கதைக்கே இரண்டு விடைகள் உண்டு. குறுநாவலில் இருவரும் கப்பலில் தப்பிப் போகிறார்கள். பின்னால் சுறா வருகிறது, கடலில் குதித்துவிடுவது என்று முடிவாகிறது. படத்துக்கு வைல்டர் நெஃபை விஷவாயு அறையில் கொல்லும் காட்சியை செட் போட்டு எடுத்தே முடித்திருந்தார், பிறகு வெட்டிவிட்டார். அலுவலக வாசலில் சரிந்து கிடக்கும் நெஃபின் சிகரெட்டுக்கு, இந்த முறை கீஸ் தீக்குச்சி உரசுகிறாரே, அந்தக் காட்சியிலேயே இருவருக்கும் இடையில் தீர வேண்டிய கணக்கு தீர்ந்துவிட்டது. கைது, நீதிமன்றம், தீர்ப்பு என்று அதற்கு மேல் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பக்கங்களை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லையென்றால் அவை வேண்டாதவைதான்.